நாங்கள் தோற்ற பருவம்

நம் மலரின் விளையாட்டுப் பகுதியிலே கோப்பை ஏந்திய குழுக்களின் நிழற்படங்களை அச்சிடுதல் நெடுநாளைய வழக்கம். 2025-26ஆம் கல்வியாண்டின் ஹாக்கிக் குழுவுக்கு அப்பக்கங்களில் இடமில்லை, இருத்தலும் முறையன்று. எட்டுப் பந்தயங்கள் ஆடினோம், ஏழில் தோற்றோம், ஒன்றில் சமநிலை கண்டோம். எனினும் தமிழ்ப் பகுதியைத் தொகுப்பவர், தோற்றவர்களும் எழுதலாமே என்று கூறியமையால், ஒருவர் எழுத ஏனையோர் திருத்த, இதனைக் குழுவாக எழுதத் துணிந்தோம். திருத்தியவர்களுள் எங்கள் கோல் காப்பாளரும் ஒருவர். தம்மைப் பற்றிய பகுதிகளில் அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்பதை முன்னரே அறிவித்துவிடுகிறோம்.

எங்களுள் அறுவர் காளவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழ்பவர். மற்றையோர் விடுதி மாணவர். காளவாய் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளை. இன்று அங்கே சூளைப் புகை இல்லை. தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடுகின்ற சந்தியில் பேருந்துப் புகைதான் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு மட்டும் அச்சந்தி சற்றே ஓய்ந்திருக்கும். மட்டைகளைத் தோளிலே சார்த்திக்கொண்டு அவ்வழியாகவே பயிற்சி மைதானத்துக்கு ஓடுவது எங்கள் வழக்கம்.

மைதானமோ மண்ணும் சரளையும் கலந்தது. அங்கே பந்து நேராக வருவதில்லை. ஒரு கல்லைக் கண்டால் துள்ளும், ஒரு பள்ளத்தைக் கண்டால் தயங்கும். ஆதலால் மண்ணில் பழகியவன் பந்து எப்பக்கம் திரும்புகிறது என்று ஒரு கணம் காத்திருந்தே மட்டையை நீட்டுவான். நீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் அந்தக் கணம் கிடைப்பதில்லை. முதல் மூன்று பந்தயங்களில் தோற்றபோது இதனையே காரணமாகச் சொல்லித் தேற்றிக்கொண்டோம். எங்களை வென்றவர்களுட் பலரும் மண்தரையிலேயே பயின்றவர்கள் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. சாக்கு என்பது தேடுபவனுக்கு எப்போதும் முதலிலேயே கிடைத்துவிடுகிறது.

எங்கள் தலைவர் நடுக்களத்தில் ஆடுபவர். மூன்றாம் ஆண்டு மாணவர். முந்தைய ஆண்டில் நன்றாக ஆடினார் என்பதற்காகவே அவரைத் தலைவராக்கினோம். நன்றாக ஆடுபவனே தலைவனாவான் என்பதில் எங்களுக்கு ஐயமே இருந்ததில்லை. தலைமை என்பது வேறொரு தொழில் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை என்று இப்பொழுது அவரே கூறுகிறார்.

நான்காம் பந்தயம் கோவிற்பட்டியில் நடைபெற்றது. ஹாக்கியை அறிந்தவர்க்குக் கோவிற்பட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. தென்மாவட்டங்களில் அவ்வூரைப் போல் இவ்விளையாட்டைப் போற்றும் ஊர் வேறில்லை. இந்தியக் குழுவில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அவ்வூரினர். அங்கே பந்தயம் காண வந்த முதியவர்கள் கூட, எங்கள் ஆட்டக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்று ஓரத்திலிருந்து திருத்தினார்கள். அவர்கள் சொன்னபடி நின்றிருந்தால் நலமாயிருந்திருக்கும். 0-7 என்று தோற்றோம்.

திரும்பிய பேருந்தில் நடந்ததை எழுதுவதா விடுவதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நிகழ்ந்தது. எழுதுவதென்றே முடிவாயிற்று. சாத்தூர் தாண்டும் வரையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்னிருக்கையிலிருந்து ஒருவர், “ஓட்டைப் பானையில எவ்வளவு ஊத்தினாலும் நிக்குமா?” என்றார். சொன்னவர் யாரென்று இங்கே குறிக்கவில்லை. ஏனெனில் கேட்ட அனைவரும் நகைத்தோம். விருதுநகர் வரும் வரையில் அப்பானை பலவாறாக உடைக்கப்பட்டது. கோல் காப்பாளர் சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். தலைவர் முன்னிருக்கையில் இருந்தார், எல்லாம் அவர் செவியில் விழுந்தது, அவர் திரும்பவில்லை. காளவாசலில் வண்டி நின்றபோது கோல் காப்பாளர் இறங்கிச் சென்றார். காலுறைக் காப்பு, மார்புக் காப்பு, தலைக்கவசம் யாவும் அடங்கிய பெரிய பை இருக்கையின் அடியிலேயே கிடந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கோல் காப்பாளர் இல்லாத பயிற்சியில் கோல் அடிப்பதில் என்ன சுவை? ஒவ்வொருவராகக் குறைந்து, ஐந்தாம் நாள் காலையில் மைதானத்துக்கு வந்தவர் எழுவர். அன்று தலைவர் பயிற்சியைத் தொடங்கவில்லை. எழுவரையும் அழைத்துக்கொண்டு காளவாசலுக்கே திரும்பினார்.

கோல் காப்பாளரின் தந்தையார் அங்கே சிறிய தேநீர்க்கடை வைத்திருக்கிறார். நாங்கள் போய் நின்றோம். அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்து, எட்டுக் குவளைகளில் தேநீர் ஆற்றிக் கொடுத்தார். முன்னெல்லாம் எங்களிடம் காசு வாங்க மறுப்பவர், அன்று காசை வாங்கிப் பெட்டியிலிட்டுச் சில்லறையை எண்ணி எங்கள் கையில் வைத்தார். சினத்தை அதனினும் தெளிவாக ஒருவர் அறிவித்தல் இயலாது.

மகன் உள்ளேயிருந்து வந்தார். தலைவர் சொன்னது இவ்வளவே: “தம்பி, பஸ்ல அவங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் சும்மா இருந்தேன். தப்பு என்னுது.” நாங்கள் எழுவரும் வாய் திறவாமல் நின்றோம். கோல் காப்பாளர் நெடுநேரம் கழித்துச் சொன்னார்: “அண்ணே, பந்து என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி நாலு பேரைத் தாண்டி வருது. அதை யாரும் எண்ணுறதில்ல.”

“நாளைக்கு வா. நான் கோல்ல நிக்கிறேன். நீ வெளிய நின்னு எண்ணு” என்றார் தலைவர்.

இதனை நாங்கள் வாய்ப்பேச்சென்றே கருதினோம். மறுநாள் விடியலில் தலைவர் மெய்யாகவே காப்புகளையெல்லாம் கட்டிக்கொண்டு கம்பங்களுக்கிடையே நின்றார். கோல் காப்பாளர் ஒரு குறிப்பேட்டுடன் வட்டத்தின் ஓரத்தில் நின்றார். ஆறு நாட்கள் இவ்வாறே நடந்தன. அக்கவசங்களின் உள்ளே ஐப்பசிக் காலையிலும் வியர்வை ஆறாக ஓடும் என்பதையும், தலைக்கவசத்தின் கம்பிகளூடே பார்ப்பவனுக்குப் பந்து அடிக்கப்பட்ட பிறகே தெரியும் என்பதையும், பந்து தொடையில் காப்பில்லா இடத்தைத் தாக்கினால் மூச்சு எங்கே போகிறது என்பதையும் தலைவர் அறிந்துகொண்டார்.

இவ்விடத்தில் பெனால்ட்டி கார்னர் என்பதை அறியாதார்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். தாக்குவோரில் ஒருவர், கோல் கம்பத்துக்குப் பத்து மீட்டர் அப்பால் பின்கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளுவார். வட்டத்தின் விளிம்பில் ஒருவர் அதனை நிறுத்த, மற்றொருவர் கோலை நோக்கி அடிப்பார் அல்லது சுண்டுவார். தேர்ந்த ஆட்டக்காரர் சுண்டிய பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். தடுப்பதற்குக் கோல் காப்பாளர் உட்பட ஐவருக்கே அனுமதி உண்டு. ஏனைய அறுவரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். ஐவருள் ஒருவர், பந்து தள்ளப்பட்ட அக்கணமே அடிப்பவரை நோக்கி நேராக ஓட வேண்டும். அவரை முதல் ஓட்டக்காரர் என்கிறோம். பந்தை எதிர்கொண்டு அதன் பாதையிலேயே ஓடுகின்ற வேலை அது. அவர் ஒரு பக்கத்தை அடைத்தால்தான் மறுபக்கத்தைக் கோல் காப்பாளர் காக்கக்கூடும். அவர் தாமதித்தாலோ, அஞ்சி உடலைத் திருப்பினாலோ, இரு பக்கமும் திறந்துவிடும். போதாக்குறைக்கு அவருடைய உடலே கோல் காப்பாளரின் கண்ணை மறைக்கும்.

முதல் நான்கு பந்தயங்களில் நாங்கள் வாங்கிய கோல்கள் 19. கோல் காப்பாளர் தம் நினைவிலிருந்தும், விடுதி நண்பர் சிலர் கைப்பேசியில் எடுத்த படங்களிலிருந்தும் கணக்கிட்டபோது, அவற்றுள் 12 பெனால்ட்டி கார்னரில் விழுந்தவை. அப்பன்னிரண்டில் ஒன்பதில் முதல் ஓட்டக்காரர் தாமதித்திருந்தார். நான்கு பந்தயங்களிலும் முதல் ஓட்டக்காரராக நின்றவர் எங்கள் தலைவர்தாம்.

ஆறாம் நாள் அவர் அக்குறிப்பேட்டை வாங்கிப் படித்தார், கடைசி வரியில் தம் கையாலேயே, “முதல் ஓட்டம் தாமதம், நான்” என்று எழுதி, பயிற்சி அறையின் பலகையில் அந்தத் தாளைக் குத்தி வைத்தார். பேருந்தில் நகைத்தவர்கள் அதனைப் படித்தோம். அன்று மாலை ஒவ்வொருவரும் தனித்தனியே கோல் காப்பாளரிடம் சென்று பேசினோம். என்ன பேசினோம் என்பது எங்களுக்கும் அவருக்கும் உரியது.

டிசம்பர் மாதத்தில் எங்களுக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயங்கள் 2025இல் சென்னையிலும் மதுரையிலுமாக நடைபெற்றன. மதுரையிலே உலகக் கோப்பை நடக்கும் என்று எங்கள் தந்தையர் காலத்தில் ஒருவர் கூறியிருந்தால் நகைத்திருப்பர். டிசம்பர் 2ஆம் நாள் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்ற பந்தயத்தை நாங்கள் மதுரை அரங்கில் அமர்ந்து கண்டோம். எங்கள் கோல் காப்பாளரோ ஆட்டத்தை விடக் களத்தின் ஓரத்தில் நின்ற பயிற்சியாளரையே மிகுதியும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பயிற்சியாளர் பி. ஆர். ஸ்ரீஜேஷ்.

அவர் வரலாற்றை எங்களுக்குச் சொன்னவரும் எங்கள் கோல் காப்பாளரே. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழு ஆறு பந்தயங்கள் ஆடி ஆறிலும் தோற்றது. பன்னிரண்டு நாடுகளுள் பன்னிரண்டாவதாக நின்றது. எட்டு முறை தங்கம் வென்ற நாடு அது. அக்குழுவின் தலைவர் பாரத் சேத்ரி ஒரு கோல் காப்பாளர். உடன் சென்ற மற்றொரு கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ். 2016இல் ரியோவில் ஸ்ரீஜேஷே தலைவர். காலிறுதியில் பெல்ஜியத்திடம் தோல்வி. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா 7-1 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. நாங்கள் கோவிற்பட்டியில் வாங்கிய அதே ஏழு! அதே குழு ஆகஸ்டு 5ஆம் நாள் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றது. வி. பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற பின்னர், 41 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதக்கம் அது. அப்பந்தயத்தின் இறுதி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்தது ஒரு பெனால்ட்டி கார்னர். அதனை ஸ்ரீஜேஷ் தடுத்தார். அந்தப் படத்தை நாடே கண்டது. டோக்கியோவில் இந்தியாவுக்கு முதல் ஓட்டக்காரராக ஓடியவர் அமித் ரோஹிதாஸ் என்பதை எத்தனை பேர் அறிவர்? இதைக் கேட்டுவிட்டு எங்கள் கோல் காப்பாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார்.

லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் உண்டு என்பதை மறந்து, அடுத்த பந்தயத்திலேயே பதக்கம் எதிர்பார்க்கும் பேதைமை எங்களுக்கும் இருந்தது. தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்னும் வாசகத்தைப் பள்ளிச் சுவர்களில் படித்து வளர்ந்தோம். படியென்றால் ஏறியதும் அடுத்த படி வரவேண்டும். எங்களுக்கு மீண்டும் மீண்டும் அதே படி வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் பந்தயம் 1-2, தோல்வி. ஆறாவது 1-1. ஏழாவது 2-3, தோல்வி. ஆயினும் பயிற்சிக்கு வருவோர் தொகை பதினாறுக்குக் குறையவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் குழுவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் பதினாறு பேர் ஏன் வரவேண்டும் என்று எங்கள் பயிற்சியாசிரியர் ஒரு நாள் வியந்து கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அடுத்தவன் வந்திருப்பான், நாம் போகாவிட்டால் அவன் எண்ணிவிடுவான் என்று ஒருவர் கூறியது ஒருவாறு பொருந்திற்று.

இறுதிப் பந்தயம் தைத் திங்களில் மதுரையிலேயே நிகழ்ந்தது. ஆட்டம் 1-1 என்று முடியும் தறுவாயில் எதிர்க்குழுவுக்குப் பெனால்ட்டி கார்னர் கிடைத்தது. பந்து தள்ளப்பட்டது, தலைவர் ஓடினார். அந்த ஓட்டத்தில் தாமதம் இல்லை. உடல் திரும்பவும் இல்லை. பந்து அவர் முழங்காலுக்குக் கீழே பட்டு வெளியேறியது. முழங்காலுக்குக் கீழே பட்டமையால் நடுவர் மீண்டும் பெனால்ட்டி கார்னர் அளித்தார், விதி அதுவே. நொண்டியபடி பின்கோட்டுக்குத் திரும்பிய தலைவரிடம், வேறொருவர் ஓடட்டும் என்றோம். தலையசைத்து மறுத்துவிட்டார். இரண்டாம் முறையும் ஓடினார். இம்முறை பந்து அவருக்கு இடப்புறமாகப் பறந்தது. கோல் காப்பாளர் முழுநீளமும் பாய்ந்தார். கையுறையில் உரசிக்கொண்டு உள்ளே சென்றது. 1-2.

தரையில் கிடந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது ஏனென்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. கேட்டபோது, “ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சோம். அவன் அதைவிட நல்லா அடிச்சுட்டான்” என்றார் கோல் காப்பாளர். முதல் நான்கு பந்தயங்களில் 19 கோல் வாங்கியவர்கள் பின் நான்கில் 8 வாங்கினோம். அந்த எட்டில் பெனால்ட்டி கார்னரில் விழுந்தவை இரண்டே.

அன்று திரும்பும் வழியில் காளவாசலில் எல்லோரும் இறங்கினோம். தேநீர்க்கடைக்காரர் எவ்வளவு என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. காசை நீட்டினோம், கையைத் தட்டிவிட்டார்.

மறு வாரம் மட்டைகளையும் பந்துகளையும் எண்ணிக் கிடங்கில் ஒப்படைத்தோம். இரண்டு பந்துகள் குறைந்தன. அவற்றின் விலையைத் தலைவர் கொடுத்தார். அடுத்த ஆண்டின் தலைவரைத் தெரிந்தெடுக்க அங்கேயே கூடினோம். கோல் காப்பாளரின் பெயரைத் தவிர வேறு பெயர் எழவில்லை. பொறுப்பேற்றவர் பேச்சு ஒன்றும் நிகழ்த்தவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பலகையில் ஒட்டினார். ஜூன் மாதம் முதல் வாரந்தோறும் ஒருவர் முறைவைத்துக் கோலில் நிற்க வேண்டும் என்று பதினாறு பெயர்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. முதல் வாரம் இக்கட்டுரையை எழுதுபவரின் முறை.