சுழியத்தின் சுவை

நாற்பதைக் கடந்த ஆசிரியர்கள் நால்வர் கூடினால் பேச்சு இலக்கியத்தில் தொடங்கிச் சர்க்கரையில் முடிகிறது. எங்கள் தமிழ்த்துறை அறையிலும் அதுவே வழக்கம். சென்ற ஆண்டு நடந்த மருத்துவ முகாமில் எங்கள் நால்வரின் இரத்தச் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். மறுவாரமே, மதுரையில் வீட்டுக்கு அருகிலிருந்த உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் சேர்ந்தோம்.

அதன் வாயிலருகே ஒரு குளிர்சாதனப் பெட்டி. உள்ளே நீலம், இளம்பச்சை, ஆரஞ்சு எனப் பல நிறங்களில் புட்டிகள். அரை லிட்டர் ஐம்பது ரூபாய். "வியர்வையில் போகிற உப்பெல்லாம் இதில் திரும்ப வந்துவிடும் சார், சர்க்கரையும் கிடையாது" என்றார் பயிற்சியாளர். சர்க்கரை இல்லை என்ற சொல்லே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. உண்மையைச் சொல்வதானால், அந்தப் புட்டியை ஏந்தியபடி கல்லூரி வாசலில் நுழைவதில் ஓர் இளமையும் இருந்தது. தலைக்குப் பூசும் சாயம் செய்கிற வேலையை அந்த நீலநிறமும் செய்தது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. மைதானத்தில் கபடிப் பயிற்சியின்போது எங்கள் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். ஓடிச்சென்று நிழலில் கிடத்தினோம். அவனது பையின் அருகே, பாதி குடித்த நிலையில் எங்களுடைய அதே நீலப் புட்டி. கண் விழித்தவனிடம் உடற்கல்வி ஆசிரியர், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் புட்டியைப் பார்த்தான். முதல் பேருந்தைப் பிடித்து ஊரிலிருந்து வருபவன் அவன். இட்லிக்காக அம்மா கொடுக்கும் ஐம்பது ரூபாயில் அதை வாங்கியிருக்கிறான். "நீங்கள் நாலு பேரும் இதைத்தானே ஐயா குடிக்கிறீர்கள். உடம்புக்கு நல்லது என்று நினைத்தேன்" என்றான்.

அன்று மாலைதான் அந்தப் புட்டியின் சிறிய எழுத்துகளை முதன்முறையாகப் படித்தோம். பாடவேறுபாடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் நாங்கள், நாள்தோறும் கையிலிருந்த இந்தப் பாடத்தைப் படித்ததில்லை. சர்க்கரை சுழியம். ஆற்றல் சுழியம். சிறிது உப்பு, சில வைட்டமின்கள், இனிப்பூட்டி, நிறம், மணம். எஞ்சியதெல்லாம் தண்ணீர். உண்டு கொழுத்த எங்களுக்கு அந்தச் சுழியம் வரம். வெறும் வயிற்றோடு ஆடியவனுக்கோ அது பட்டினியின் மறுபெயர்.

பிறகு தேடிப் படித்தோம். விளையாட்டுப் பானங்களின் கதை 1965இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. கடும் வெயிலில் நெடுநேரம் ஆடிய கால்பந்து வீரர்களுக்காக ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் நீரில் சர்க்கரையும் உப்பும் கலந்து உருவாக்கியதே கேட்டரேட். அதில் சர்க்கரைக்கு ஒரு வேலை இருந்தது. குடலில் குளுக்கோஸ் உள்ளே செல்லும்போது சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே எத்தனையோ உயிர்களைக் காத்தார். அதன் அடிப்படையும் இதுவே. எங்கள் புட்டியோ அந்தச் சர்க்கரையை நீக்கிவிட்டு, விளையாட்டு வீரர்களின் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டது.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குப் பெரும்பாலோருக்கு வெறும் தண்ணீரே போதும் என்பதுதான் விளையாட்டு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. வியர்வையில் போன உப்பை அடுத்த வேளைச் சாம்பாரும் ஊறுகாயும் ஈடுகட்டிவிடும். வெயிலில் மணிக்கணக்கில் ஓடுபவர்கள், ஆடுபவர்கள் நிலை வேறு. அவர்களுக்கு உப்பும் மாவுச்சத்தும் தேவைப்படும். அதேவேளை, அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்தே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகுதியாகக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். தண்ணீருக்கும் அளவு உண்டு.

சுவையூட்டிய நீரை முற்றாகப் பழிப்பதும் நியாயமன்று. சுவை இருந்தால் கூடுதலாகக் குடிப்பவர்கள் உண்டு. தண்ணீரே குடிக்க மறுக்கும் பிள்ளைகளுக்கு அது உதவலாம். நம் முன்னோரும் சுவையை விலக்கியவர்கள் அல்லர். சித்திரைத் திருவிழாப் பந்தல்களில் வழங்கும் பானகத்தில் வெல்லமும், நீர்மோரில் உப்பும் இருக்கின்றன. நெடுந்தொலைவு நடந்து வந்தவனின் களைப்பை அறிந்து கலந்தவை அவை. குடிப்பவன் யார், எவ்வளவு வியர்த்தான், என்ன உண்டான் என்ற கேள்விகள் அந்தக் கலவைக்குள்ளேயே இருந்தன. அக்கேள்விகளைக் கேட்காமல் நாங்கள் புட்டியை ஏந்தினோம். அவன் எங்களைப் பார்த்தான். வகுப்பில் சொல்லிக் கொடுப்பதைவிட வராந்தாவில் நடந்து காட்டுவதையே மாணவர்கள் விரைவாகக் கற்கிறார்கள் என்பது இருபதாண்டு ஆசிரியப் பணிக்குப் பிறகும் எங்களுக்கு உறைக்கவில்லை.

இப்போது நாங்கள் நால்வரும் வீட்டிலிருந்து எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டுபோகிறோம். முன்பு குளிர்சாதனப் பெட்டிக்குப் போன பணம், பயிற்சி நாள்களில் கபடி அணி முழுவதற்கும் வாழைப்பழமும் சுண்டலுமாக மாறுகிறது. ஒருவனுக்கு மட்டும் கொடுத்திருந்தால் அவன் வாங்கியிருக்க மாட்டான். மைதானத்து வேப்பமரத்தடியில் குழாய் வைத்த மண்பானை ஒன்றும் இருக்கிறது.

நேற்று அந்த மாணவன் பானையிலிருந்து ஒரு குவளை நிரப்பி முதலில் எங்களிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தோம். நிறமும் மணமும் இல்லாத அந்த நீரின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.