சுவிகாரம்

பிள்ளையில்லா வீட்டார் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பதை அறம் என்று உலகம் போற்றும். ஆயினும், அறம் என்னும் அந்தச் சொல்லே சில வேளைகளில் பிள்ளையை வாசற்படியோடு நிறுத்திவிடுவதும் உண்டு. ஈப்போவில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆசிரியத் தம்பதியர் இருவர் இதனைச் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர்.

மணமாகிப் பதினோராண்டுகள் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. விவிலியத்து அன்னாளைப் போல் ஆலயத்தில் கண்ணீர் வடித்து வந்த மனைவி, ஒருநாள் தம் மன்றாட்டை மாற்றிக்கொண்டார். "எனக்கொரு பிள்ளை தாரும் என்றுதான் இத்தனை நாளும் கேட்டேனுங்க. எந்தப் பிள்ளைக்கு நான் தாயாக வேண்டும் என்று இனிக் கேட்கப் போகிறேன்" என்றார். கணவர் மறுக்கவில்லை.

காப்பகம் ஒன்றிலிருந்து நான்கு வயதுச் சிறுமியொருத்தி அவ்வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் அவளுக்கென ஒரு தட்டு ஒழித்துத் தரப்பட்டது. அவளோ தன் துணிகளைக் கொண்டுவந்த பையிலேயே மடித்து வைத்திருந்தாள். திரும்பிப் போகும் நாளுக்காக அது ஆயத்தமாயிருந்தது.

தீபகற்ப மலேசியாவில் 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருவழிகளைக் காட்டுகின்றன. ஒன்று, ஈராண்டுகள் வளர்த்தபின் தத்தைப் பதிந்துகொள்ளும் வழி. அதில் வளர்க்கும் உரிமை கிட்டும், மரபுரிமை கிட்டாது. மற்றொன்று, இஸ்லாமியரல்லாதார்க்குரிய நீதிமன்ற வழி. குறைந்தது மூன்று மாதங்கள் தம் பராமரிப்பில் வைத்திருந்து ஆணை பெற்றால், அப்பிள்ளை வயிற்றுப் பிள்ளைக்கு நிகராகும், சொத்துரிமையும் சேரும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. தாயை இழந்த தம்பியைத் தாயாக நின்று வளர்த்தவர் கணவரின் தமக்கை. அவர், "தம்பி, சோறு போடு, படிக்க வை, யார் தடுத்தார்? அப்பா கட்டிய வீட்டை எங்கோ பிறந்ததற்கு எழுதி வைப்பாயோ?" என்று கேட்டார். கணவர் வாயடைத்துப் போனார். பதிவு வழியே போதும், தருமமும் ஆயிற்று, உறவும் நிலைத்தது என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அவ்வாரம் ஞாயிறு பள்ளிப் பாடத்திற்காக மத்தேயு நற்செய்தியின் வமிச வரலாற்றைப் படித்தார். தாவீதின் கால்வழி யோசேப்பில் வந்து முடிகிறது. இயேசுவோ யோசேப்பின் குருதியில் பிறந்தவர் அல்லர். ஆயினும் அந்தத் தச்சர் பெயரிட்டு ஏற்றுக்கொண்டதனால், தாவீதின் குமாரர் எனப்பட்டார். பவுல் அடியாரின் நிருபங்களிலும் ஒரு சொல் அவரைத் தடுத்து நிறுத்தியது: புத்திர சுவிகாரம். அடியார் வாழ்ந்த உரோமப் பேரரசில் சுவிகாரம் பெற்றவன், தந்தையின் பெயரோடு உடைமைக்கும் உரியவனானான். தமிழ் விவிலியம் அத்தகையோரைச் 'சுதந்தரர்' என்கிறது. சுதந்தரம் என்பதற்கு அங்கே பொருள் விடுதலையன்று, பிதிரார்ச்சிதம்.

இறைவன் தம்மைச் சுதந்தரராக ஏற்றான் என்று நம்புகிறவர், ஒரு சிறுமியைச் சோற்றுக்கு மட்டும் உரியவளாக வைத்திருக்கலாமா? தருமத்தில் கொடுப்பவர் கை மேலே இருக்கும். பெறுபவர் கை கீழே இருக்கும். சுவிகாரத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை.

மறுநாள் அவர் தமக்கையிடம் சென்று, "அக்கா, நீங்கள் என்னை வளர்த்தது தருமத்துக்காகவா?" என்று மட்டும் கேட்டார். தமக்கை விடை கூறவில்லை. நன்றி வழிபாட்டுக்கும் வரவில்லை. அந்த வலியையும் ஏற்றுக்கொண்டே நீதிமன்றத்தில் மனுச் செய்தனர்.

ஆணையின் பொருள் நான்கு வயதிற்கு விளங்காது. ஆனால், 'அந்தப் பிள்ளை' என்று வீட்டில் வழங்கிய பேச்சு 'நம் பிள்ளை' என்று மாறியது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். சில வாரங்களுக்குப் பின், ஒரு காலையில் அலமாரியைத் திறந்த தாய், அந்தத் தட்டில் சிறு சட்டைகள் கோணல்மாணலாக அடுக்கப்பட்டிருக்கக் கண்டார். பை ஆணியில் வெறுமையாகத் தொங்கியது.