சோப்பு எங்கே இருந்தது?



உங்களில் பலர் இன்று ஓட்டல், கிளினிக், பட்டறை என்று நாலு பேருக்கு வேலை கொடுக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இது.

நான் தலைமையாசிரியையாக இருந்தபோது சத்துணவுக்கூடச் சுவரில் ‘கை கழுவவும்’ என்று பெரிதாக எழுதிவைத்தேன். பிள்ளைகள் விரலை நனைத்துவிட்டு ஓடினார்கள். ஒருநாள் அதட்டினேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், “நீங்க மட்டும் சாக்பீஸ் கையோடயே டீ குடிக்கிறீங்களே டீச்சர்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்தால், சோப்பும் என் மேசை டிராயரில்தான் இருந்தது! மறுநாள் அதை ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டினேன். முதல் ஆளாக நானே கழுவினேன். ஒரே வாரத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

பெரியவர்களுக்கு இது கஷ்டம்தான். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் 2 ஆனது. அப்படியும், தங்கள் கையால்தான் நோய் பரவியது என்று ஒப்புக்கொள்ளப் பல பெரிய டாக்டர்களுக்கு மனம் வரவில்லை.

அதனால் நோட்டீஸ் ஒட்டும் முன் மூன்றைப் பாருங்கள். குழாயருகே சோப்பு இருக்கிறதா? கழுவ 20 விநாடி விடுகிறோமா? முதலாளி கழுவுகிறாரா?

அன்று கேட்ட பையன் இதைப் படித்தால்: நன்றி தம்பி.