மண் குதிரை எந்தத் தெரு வழியாகப் போகிறது?

சிங்கம்புணரிக்காரர்களுக்குக் காலண்டர் பார்க்காமலே மாதம் தெரியும். தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. மாசி மகத்துக்கு அரளிப்பாறை. கோடையில் கண்மாய்த் தண்ணீர் இறங்கினால் மீன்பிடித் திருவிழா. வைகாசி விசாகத்தை ஒட்டிச் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் தேர். தேர் நிலைக்கு வந்ததும் சனங்கள் தேங்காயை வீசி உடைக்கிற சத்தம் கடைவீதி வரை கேட்கும். மழையை எதிர்பார்க்கும் மாதங்களில் கிராமம் கிராமமாகப் புரவி எடுப்பு. அடைமழைக் காலத்தில் வேட்டங்குடிக்குப் பறவைகள் வந்து இறங்கும். அவை மிரளக் கூடாதென்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் நேசிக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திருவிழாவில் சாதியைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே, "உனக்கு ஊர் மேல் பற்று இல்லை" என்று வாயை அடைக்க ஆள் இருக்கிறது. பற்று இருப்பதால்தான் பேசுகிறோம். பங்கு கேட்பவர்தானே சொந்தக்காரர்?

புரவி எடுப்பையே எடுத்துக்கொள்வோம். ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிப்பார்கள். பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அந்த மண்ணோடு கண்மாய் மண்ணும் சேர்ந்து, சூளையில் வெந்து, குதிரைகளாக எழுந்து நிற்கும். சுண்ணாம்பு அடித்து, வண்ணம் தீட்டி, துண்டும் மாலையும் போட்டுப் பொட்டலில் வரிசையாக நிறுத்துவார்கள். பிறகு தோளில் தூக்கி, மேளமும் குலவையுமாக அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கண்மாய் நிறையட்டும், காடு கழனி விளையட்டும் என்பதுதான் வேண்டுதல். கண்மாய் காய்ந்தால் சேரிக்கும் சோறு கிடையாது. ஆனால் வேண்டுதல் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதுபோல விழாவும் பொதுவாக இருக்கிறதா?

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் 'திருவிழா சமூக ஒருமைப்பாட்டை வளர்க்கிறது' என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. களத்தில் வேலை பார்க்க வந்த பிறகு நான் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்விகள் வேறு. தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்கள்? புரவி எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது? பரிவட்டம் யாருக்கு? பறை அடிப்பவர் கோயில் வாசலில் எந்த இடம் வரை வரலாம்? நான் வேலை செய்த ஒரு கிராமத்தில் காலனி மக்களிடம் வரியே வாங்குவதில்லை. "உங்களுக்கு எதற்குச் செலவு? சும்மா வந்து சாமி கும்பிட்டுப் போங்கள்" என்றார்கள். கேட்க இரக்கம் மாதிரி இருக்கும். வரி வாங்கினால் கணக்குக் கேட்பார்கள், மரியாதை கேட்பார்கள், கூட்டத்தில் உட்கார இடம் கேட்பார்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஏம்மா, சாமி காசில்லாமக் கிடக்குன்னா கேக்குறோம்? எங்க பேரு நோட்டுல இருக்கணும்னு கேக்குறோம்."

குதிரை நம் பகுதியில் வெறும் பொம்மை அல்ல. சிங்கம்புணரி இன்று சிவகங்கை மாவட்டம். முன்பு இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அடுத்த ஆண்டு அது பதினொன்றானது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை, குடை, செருப்பு கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. தடை போட்டார்கள் என்றால் நம் முன்னோர் அதைச் செய்தார்கள் என்று அர்த்தம். அவர்கள் குதிரை ஏறியிருக்கிறார்கள். அது யாருக்கோ உறுத்தியிருக்கிறது.

1979-இல், தேவகோட்டைப் பக்கம் உஞ்சனையில், புரவி எடுப்பில் உரிமை தொடர்பாக எழுந்த மோதலில் தலித்துகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். மண்ணால் செய்த குதிரைக்காக மனித உயிர் போனது. மாவட்டச் சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது புரவியின் அழகைச் சொல்பவர்கள் உஞ்சனையின் பெயரைச் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

அதே தேவகோட்டைப் பக்கம்தான் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் உரிமையும் முதல் மரியாதையும் நான்கு நாட்டார்களுக்கு என்பது வழக்கம். 1990-களின் கடைசியில் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டார்கள். மோதல், நீதிமன்றம், பேச்சுவார்த்தை, போலீஸ் என்று ஆண்டுகள் ஓடின. தேர் மட்டும் பல ஆண்டுகள் ஓடவில்லை. 2006-க்குப் பிறகு நின்றுபோன தேர், 2024 ஜூன் 21 அன்று, உயர் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் பலத்த காவலுடன் ஓடியது. எல்லாச் சமூகத்தவரும் வடம் பிடித்தார்கள். ஒரு கயிற்றைத் தொடுவதற்கு ஒரு தலைமுறைக் காலம்.

கயிறு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சிங்கம்புணரி கயிற்றுக்குப் பேர்போன ஊர். தேங்காய் நாரைத் திரித்துத் திரித்து இங்கே எத்தனையோ பெண்களின் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது. தேர் வடம் திரிக்கும் பட்டறைகளும் இங்கே உண்டு. திரிக்கும்போது கயிறு யார் கையையும் சாதி கேட்பதில்லை. இழுக்கும்போதுதான் கேட்கிறது.

தோழர்கள் சிலர், குறிப்பாகக் கல்லூரி மாணவர்கள், என்னிடம் கேட்பது உண்டு: "அக்கா, நம்மை ஒதுக்குகிற சாமி நமக்கு எதற்கு? அந்த வடத்தைப் பிடித்து என்ன ஆகப்போகிறது?" நியாயமான கேள்வி. அம்பேத்கர் 1930-இல் நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கினார். பிறகு கோயில் நுழைவைவிடக் கல்வியும் அதிகாரமும் முக்கியம் என்று சொன்னார். 1956-இல் பௌத்தம் தழுவினார். போக வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. ஆனால் போகக் கூடாது என்று இன்னொருவர் முடிவெடுப்பது குற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வடம் பிடிப்பவர் கேட்பது சாமியை மட்டும் அல்ல. தெருவை, பொட்டலை, கண்மாயை, ஊர் நோட்டில் ஒரு வரியை.

சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கோயிலுக்குள் நுழைவதையும் சமய, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும் தடுப்பது குற்றம். செருப்புப் போடுவதையும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதையும் தடுப்பது குற்றம். 1931-இன் தடைப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு எழுதியதைப் போல இருக்கிறது. ஆனால் 2025 பிப்ரவரியில் நம் மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தினர் புகார் சொன்னார்கள். குதிரை போய் புல்லட் வந்திருக்கிறது.

மீன்பிடித் திருவிழாவில் கரையிலிருந்து துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவுமாக ஆயிரம் பேர் கண்மாயில் பாய்வார்கள். உள்ளே இறங்கிவிட்டால் எல்லார் காலிலும் ஒரே சேறு. கெளுத்தி யார் கைக்குச் சிக்கும் என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்ய முடியாது. இந்த ஊரால் அப்படியும் இருக்க முடிகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே விடுமுறைக்கு ஊருக்கு வரும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். போனில் குதிரையைப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் விழாவை எழுதுங்கள். வரி யார் கொடுத்தார்கள், புரவி எந்தெந்தத் தெரு வழியாகப் போனது, யார் தூக்கினார்கள், யார் பறை அடித்தார்கள், அவருக்கு என்ன கூலி, யாருக்கு எங்கே தீர்த்தம் கொடுத்தார்கள். நாளும் நேரமும் போட்டு எழுதுங்கள். "எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை" என்று அமைதிக் கூட்டத்தில் அதிகாரிகள் முன்னால் சொல்வார்கள். அப்போது மேசையில் வைக்க நம்மிடம் தாள் வேண்டும். இளையான்குடி பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்தவர், தன் வாழ்க்கையை 'வடு' என்று எழுதி வைத்தார். கலையைக் கொண்டாடுவதும் அதற்குள் இருக்கும் காயத்தை எழுதுவதும் ஒரே ஆளால் முடியும்.

அடுத்த புரவி எடுப்புக்குப் பிடிமண் கொடுக்கும் முன்னால் ஊர்க்கூட்டம் நடக்கும். நோட்டோடு போய் உட்காருங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.