பட்டாளத்தாரின் தச்சு வேலை

எங்கள் பரம்பரையில் தச்சர் எவரும் இல்லை. ஆற்காட்டுப் பக்கம் மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். ஆனாலும் வீட்டுக் கதவுகள், தூளிக்கட்டை, அத்தைகளின் கல்யாணக் கட்டில்கள் எல்லாம் தாத்தா கையால் ஆனவை. ஊருக்கு அவர் பட்டாளத்தார். அந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது என்று அவர் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. தொண்ணூறு கடந்து அவர் போய்ச் சேர்ந்த பிறகு, கொல்லைக் கதவைச் சரிபார்க்க வந்த ஆசாரிதான் கேட்டார்: "இது எங்க ஆளுங்க வேலை இல்லைங்களே. யார் செஞ்சது?"

ஊரின் பழைய கதவுகள் குடுமியில் சுழலும். இதற்கு இரும்புக் கீல். பின்புறம் குறுக்குச் சட்டங்கள், அவற்றுக்கிடையே ஒரு சாய்வுக் கட்டை. அது கீல் பக்கத்துக் கீழ்மூலையில் தொடங்கி எதிர்ப்பக்கத்து மேல்மூலைக்கு ஏறுகிறது. கதவின் பாரம் அந்தச் சாய்வு வழியே கீல் பக்கம் இறங்கிவிடும். எத்தனை வருஷம் ஆனாலும் கதவு தொங்காது. பார்த்துப் பழகிய கை இல்லை இது, யாரோ முறையாகச் சொல்லிக்கொடுத்த கை.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தது. ஆறு முனை நட்சத்திரம், சிவப்பும் கருநீலமும் ஆரஞ்சும் கலந்த பட்டி. பர்மா ஸ்டார். 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையே பர்மா போரில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இதைப் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். இந்தியப் படையினருக்கு எண், பதவி, பெயர், பிரிவு நான்கையும் பின்புறத்தில் பொறித்தார்கள். அந்தச் சின்ன எழுத்துகளுக்கு நான் கடன்பட்டவன். தாத்தாவின் பெயருக்கு அடுத்து 'எஸ் அண்ட் எம்' என்றிருந்தது: சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1780இல் தொடங்கி, பெங்களூரு அல்சூரில் இன்றும் இயங்கும் மதராஸ் சாப்பர்ஸ். பாலம் போடுவது, சாலை அமைப்பது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அதற்குக் கொல்லரும் கொத்தரும் தச்சரும் வேண்டும். ஆளைச் சேர்த்துத் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள்.

மீதி, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கிடைத்தது. போருக்கென்று சேர்த்து, போர் முடிந்ததும் அனுப்பிவிட்டவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பிற்காலத்தில் அரசு தந்த உதவித்தொகைக்காகப் பாட்டி மனு போட்டபோது இணைத்த விடுவிப்புச் சான்றிதழின் நகல் கோப்பில் பத்திரமாக இருந்தது. 1942இல் சேர்ந்தார், 1946இல் விடுவிப்பு. தொழில்: கார்பென்டர். அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் யானைக் கதை நினைவுக்கு வந்தது. யானை தேக்கை இழுத்துவரும், நாங்கள் அதைப் படகாக்குவோம், படகின் மேல் டாங்கி போகும் என்பார் தாத்தா. பேரப்பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கட்டியது என்றே எல்லோரும் நம்பினோம். பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் 1956இல் வெளியிட்ட நினைவு நூலில் அது அப்படியே இருக்கிறது. பர்மாவின் சிந்த்வின் ஆற்றங்கரையில் கலேவா. லாரியும் எண்ணெயும் போதாத படை, காட்டுத் தேக்கை வெட்டி ஐந்நூறுக்கும் மேற்பட்ட படகுகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பத்து டன் தாங்கும்; மூன்றைச் சேர்த்து மேலே பலகை அடித்தால் ஒரு ஷெர்மன் டாங்கியே ஏறும். மரம் இழுக்கப் பழகிய யானைகளை வைத்து ஒரு யானைக் கம்பெனியே நடத்தினார்கள். அதே கலேவாவில், 1944 டிசம்பரில், 1,154 அடி நீளப் பெய்லி பாலமும் எழுந்தது. அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான்.

அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் இருபத்தைந்து லட்சம் பேர். சுட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உளியும் ரம்பமுமாய் வழி செய்துகொடுத்தவர்களைப் பற்றி எழுதியது மிகவும் குறைவு. எனக்கு அது ஆறாத வருத்தம்.

பெரியத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி சொல்லக் கேட்டதை அவர் சொன்னார்: "நாலு வருஷம் கடுதாசியிலதான் குடும்பம் நடந்துச்சாம் கண்ணு. திரும்பி வந்தப்புறம் ஒரு ராத்திரிகூட அவர் வெளியூர்ல தங்கினதில்ல. என் கல்யாணத்தன்னிக்குக்கூட ராவோட ராவா ஊருக்குத் திரும்பிட்டார்."

நட்சத்திரத்தில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டுப் பெங்களூரு ஆவணப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று பதில் வந்தால், அதன் போர் நாட்குறிப்பைத் தேட வேண்டும்.