எவ்வூரிற் குடியிருப்பது?

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென அன்பர்கள் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்ளுதல் முறையென எண்ணினோம். ஆயின், நம் கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞர் பலர் எம்மைக் காணுந்தோறும் கேட்பது இலக்கியத்தைப் பற்றியன்று. வீட்டிலிருந்தவாறே கொழும்பிலுள்ள கம்பனிக்கோ கடல் கடந்த கம்பனிக்கோ வேலை செய்வோர் அவர்கள். எங்கும் இருக்கலாம் என்னும் உரிமை கைவந்தபின், எங்கே இருப்பது என்பதே அவர்தம் கவலையாயிற்று. அக்கவலையை யாமும் ஓராண்டு சுமந்தோமாதலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

முன்னெல்லாம் தொழிலே ஊரைத் தெரிந்தது. பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளிவந்தபோது எம் விருப்பத்தை எவரும் வினவினாரல்லர். நியமனக் கடிதத்தில் ஊரின் பெயர் அச்சாகியிருந்தது, பெட்டியைக் கட்டினோம்.

2022 ஆம் ஆண்டின் பொருள் நெருக்கடியை யாரும் மறந்திரார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் அரசாங்க ஊழியர்க்கு ஐந்தாண்டு வரையில் சம்பளமற்ற விடுமுறை பெறும் வசதி அளிக்கப்பட்டது. யாமும் அதனைப் பெற்று, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவர் பிள்ளைகளுக்குக் கணினி வழியே தமிழ் கற்பிக்கலானோம். ரொறன்ரோவில் மாலை ஏழு மணியாகும்போது இங்கு வைகறை நாலரை. பனிக்காலத்தில் அங்கே மணிக்கூட்டைப் பின்தள்ளியதும் ஐந்தரை. இலண்டன் வகுப்பு இரவிலே. இடைப்பட்ட பகல் முழுதும் எமக்கே உரியது.

அப்பகலை எவ்வூரிற் கழிப்பது? வெள்ளவத்தையில் வாடகை வீடு இருந்தது; நடந்து செல்லும் தூரத்திற் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருந்தன. கற்பிட்டியில் நண்பரொருவர் குறைந்த வாடகைக்கு வீடு தருவதாகக் கூறினார். அங்கே பட்டத்தைப் பற்றிக்கொண்டு அலைமேற் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர் சிலர், பிற்பகலிற் கணினியைத் திறந்து தத்தம் நாட்டு வேலையைச் செய்வதையும் கண்டோம். மூன்றாவது, எம் பிறப்பிடமாகிய உடப்பு. மேற்கே கடலும் கிழக்கே முந்தற் களப்பும் அணைக்க நீண்டு கிடக்கும் ஊர். அங்கே எம் அன்னையார் தனியே இருந்தார். கொழும்புக்கு வாருங்கள் என்றால், திரௌபதையம்மன் தீமிதிப்பு முடியட்டும் என்பார். அது முடிந்தபின் வேறொரு காரணம் பிறக்கும்.

விடைத்தாள் திருத்திய பழக்கம் எம்மை விடவில்லை. மின்சாரம், இணையத் தொடர்பு, வைத்தியசாலை, மகனது படிப்பு, வாடகை, அமைதி என ஆறு பாடம் வகுத்து, ஒவ்வோர் ஊருக்கும் புள்ளி இட்டோம். வெள்ளவத்தை 41, உடப்பு 40, கற்பிட்டி 38. மறுவாரம் திருத்தினால் உடப்பு முந்திற்று. மின்சாரத்திற்கு எந்த ஊருக்குமே தாராளமாகப் புள்ளி இட இயலவில்லை. அவ்வாண்டு பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாடு இருண்டு கிடந்ததே! நுரைச்சோலை அனல் மின்னிலையம் எம் மாவட்டத்திலேயே இருந்தும் எமக்கு அதனாற் சலுகை யாதுமில்லை. இப்படியே மாதங்கள் கழிந்தன. "எங்கே போனாலும் சரி, முடிவாகச் சொல்லுங்கள்" என்றார் எம் இல்லாள். மகனோ தான் எந்தப் பாடசாலைக்குச் செல்வது என்று அறியாது புத்தகங்களுக்கு உறையிடாமல் வைத்திருந்தான்.

இக்காலத்தில் எமக்குத் துணையாய் வந்து வாய்த்தவர் சைமன் காசிச்செட்டி. 1807 இற் கற்பிட்டியிற் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராயிருந்து, சிலாபத்தில் நீதிபதியாகி, 1860 இல் மறைந்தவர். அவர் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் அடக்கிய கசற்றியரை 1834 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறாகிய 'தமிழ் புளூட்டாக்' 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. சட்டநிரூபண சபையிலும் சிலகாலம் அமர்ந்தவராயினும், அவர் வாழ்வின் பெரும்பகுதி இக்கரையோரத்து மூன்று ஊர்களிலேயே கழிந்தது. புகைவண்டி இப்பக்கம் எட்டிப் பாராத காலம் அது. புத்தளத்திற்கு அது வந்ததே 1926 இல். அவருக்குத் தபால் போதுமாயிருந்தது என்றால், எமக்குக் கம்பியில்லாத் தொடர்பு போதாதா? எனினும் இது தைரியம் தந்ததேயன்றி முடிவைத் தரவில்லை. கற்பிட்டியும் புத்தளமும் சிலாபமும் அவருக்கு ஒத்தன என்பதனால் எமக்கு உடப்பு ஒக்குமென்பது எங்ஙனம்?

முடிவைத் தந்தவர் எம் தாய்மாமன். தென்மேற்குக் காற்றெழுந்து இக்கடல் கொந்தளிக்கும் மாதங்களிற் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்து, காற்று மாறியதும் திரும்பி வரும் மீனவரோடு பல ஆண்டு திரிந்தவர். எம் புள்ளிப் பட்டியலை அவருக்கு வாசித்துக் காட்டினோம். பீடியை அணைத்துவிட்டு, "தம்பி, வாடி போடுகிறவன் வீடா கட்டுகிறான்?" என்றார்.

அவ்வளவே. ஆயுள் முழுமைக்கும் ஓர் ஊரைத் தேடியமையினாலன்றோ ஒவ்வொரு குறையும் மலையாய்த் தோன்றியது! ஒரு தையிலிருந்து மறு தை வரை எனக் கணக்கிட்டபோது, பட்டியலிற் பாதி தானே உதிர்ந்துவிட்டது. எஞ்சிய வினா ஒன்றே: இவ்வோராண்டில் யாருக்கு எம் பகல் வேண்டும்? வெள்ளவத்தையில் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. 2023 தையில் உடப்புக்கு வந்தோம். மகனை உடப்புத் தமிழ் மகா வித்தியாலயத்திற் சேர்த்தோம். மின்சாரம் நின்றால் நான்கு மணி நேரம் தாங்கும் பற்றரி ஒன்றை வாங்கினோம். அதன் விலையை இங்கே எழுதினால் அன்பர்கள் வருந்துவர்.

குறைகள் இல்லாமலில்லை. அன்னையாரை வைத்தியருக்குக் காட்டச் சிலாபம் வரை செல்லவேண்டியிருக்கிறது. உப்புக் காற்றிற் கணினியின் விசைகள் இறுகிவிடுகின்றன. நூலகத்தின் நினைவு அடிக்கடி வருகிறது; சென்ற ஆண்டு மார்கழியில் வெள்ளவத்தைக்கு மறுபடியும் புள்ளி இட்டுப் பார்த்தோம். விடுமுறை 2027 இல் முடியும். அப்போது நியமனக் கடிதம் எவ்வூரைச் சொல்லுமோ!

பனிக்கால வகுப்பு ஒன்றில், விடிந்து வெளிச்சம் பரவும் வேளையிற் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு எழுந்தது. ரொறன்ரோவிலிருந்த சிறுமியொருத்தி, "ஐயா, அங்கே யார் பாடுகிறார்கள்?" என்று கேட்டாள். அன்றைய பாடம் புணர்ச்சி விதி. அதனை நிறுத்திச் சன்னலைத் திறந்து, கணினியைக் கடற்பக்கம் திருப்பி வைத்தோம்.