புதுவாயலில் சும்மா நிற்பவை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் புதுவாயல். பெரியபாளையம் சாலை பிரிகிற இடம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் லாரிகளுக்கு இதுதான் வழி. ஓடுகிற லாரியைக் கண்டால் ஒதுங்கிவிடுகிறோம். நிற்கிற லாரி என்றால் அடியிலேயே படுத்துவிடுகிறோம்!

பள்ளியில் ‘நிலை ஆற்றல்’ என்று படித்திருப்பீர்கள். அசையாத பொருளுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றல். அதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், இந்தச் சாலையோரமே போதும்.

ஊருக்கு ஊர் நிற்கும் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மீட்டர் உயரத்தில் 30,000 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டார் செய்த வேலை அந்த உயரத்தில் காத்திருக்கிறது. கரன்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வருவது அதனால்தான். கணக்குப் போட்டால், அது வெறும் ஒரு யூனிட் மின்சாரம்! நம் அடுப்பங்கரை மூலையில் நிற்கும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரிலோ சுமார் 180 யூனிட். இது உயரத்தால் வந்ததல்ல, எரிபொருளுக்குள் இருக்கும் வேதி ஆற்றல்.

அப்போ சிலிண்டர்தான் பெரிய எமனா? அங்கேதான் விஷயம். சிலிண்டர் அந்த 180 யூனிட்டையும் வாரக்கணக்கில், சிறு தீயாகக் கொடுக்கிறது. பழுது பார்க்கத் தூக்கி நிறுத்திய டிப்பர் லாரியின் பெட்டியைப் பாருங்கள். 2 டன் எடை ஒரு மீட்டர் இறங்கினால் வெளிப்படுவது ஒரு யூனிட்டில் 180-ல் ஒரு பங்குதான். ஆனால், தாங்கிப் பிடிக்கும் ஆயில் குழாய் பிய்த்துக்கொண்டால் அவ்வளவும் ஒரே மூச்சில் இறங்கும். கீழே இருப்பவருக்கு நகர நேரமிருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக், முட்டுக்கொடுக்காமல் அடியில் தலையை நீட்ட மாட்டார். லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். அமுக்கிய காற்றும் சுருட்டிய ஸ்பிரிங் மாதிரி.

தொழிற்சாலைக்குள் இது இன்னும் ரகசியமானது. சுவிட்சை அணைத்துவிட்டால் மிஷின் செத்துவிட்டது என்று நினைப்போம். பிரஸ்ஸின் மேல்பாகம் உயரத்திலேயே தொங்கும், காற்றுக்குழாயில் அழுத்தம் இருக்கும், மின்பெட்டியின் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும். எனவே மிஷினுக்குள் கைவிடும் முன் காற்றை வெளியேற்றி, தொங்குவதற்கு முட்டுக்கொடுத்து, மெயின் சுவிட்சில் பூட்டுப் போட வேண்டும்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஷிஃப்ட்டுக்குப் போகிறார்களா? இன்றிரவு சாப்பிடும்போது கேளுங்கள்: மிஷினைப் பழுது பார்க்கும்போது அந்தப் பூட்டின் சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறது?